உருளைக்கிழங்கு வண்டும் பூச்சிநாசினிப் பரிசோதனையும்

ஒரு பூச்சிநாசினி பயன் தருமா என அறிய விரும்பும் ஆய்வாளர் அதனைப் பயிரின்மீது தெளித்து, சில நாட்கள் கழித்து எஞ்சியுள்ள பூச்சிகளை எண்ணுகின்றார். தெளிக்காத பாத்தியில் எத்தனை, தெளித்த பாத்தியில் எத்தனை என்பதே கணக்கு. இத்துணை எளிய ஒரு செயல்முறை நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே பயிரிலே, ஒரே வண்டுக்கு எதிராக மீண்டும் மீண்டும் நடத்தப்பட்டு, பெரும்பாலான தடவைகளில் வெற்றி எனப் பதிவுசெய்யப்பட்ட பின்னரும் அவ்வண்டு நிலைத்திருப்பது எவ்வாறு? கொலறாடோ வண்டு எனப் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு வண்டின் வரலாறு எழுப்பும் வினா இதுவாகும். பரிசோதனைகள் பிழையாக நடத்தப்பட்டன என்று கூறுவது இதற்கு விடையாகாது. அவற்றுட் பல மிகுந்த நேர்மையுடனும் நுட்பத்துடனும் நடத்தப்பட்டவையே. அவை எவ்வினாவை வயலிடம் கேட்டன, எவ்வினாவைக் கேளாது விட்டன என்பதையே இக்கட்டுரை நோக்க முயல்கின்றது.

இவ்வண்டு இலங்கையில் இல்லை. எமது தோட்டங்களிலே கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இலைகளைச் சுரண்டி வலைபோல் ஆக்கிவிடும் புள்ளி வண்டு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே பின்வரும் செய்திகள் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவையும், ஓரளவுக்கு ஐரோப்பாவையும் சார்ந்தவை.

வண்டும் பயிரும் சந்தித்தமை

லெப்டினோதார்சா தெசெம்லினியேட்டா என்பது இவ்வண்டின் விஞ்ஞானப் பெயர். பின்சொல் 'பத்துக் கோடுகளையுடையது' எனப் பொருள்படும். ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீளமான மஞ்சள் நிற உடலின் முன்சிறகுகள் ஒவ்வொன்றிலும் ஐந்து கருங்கோடுகள் ஓடுகின்றன. 1824 ஆம் ஆண்டிலே தோமஸ் சே என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர் இதனை விவரித்தபோது இது எவருக்கும் தீங்கு விளைவிக்காத ஒரு காட்டு வண்டாகவே இருந்தது. மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்கச் சமவெளிகள் வரை பரந்து வளரும் முட்கத்தரியினச் செடியொன்றே அதன் உணவு. உருளைக்கிழங்கோ தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளிலே தோன்றி, ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து குடியேறியோரின் கைகளிலே வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்த பயிர். மேற்கு நோக்கி நிலம் பிடித்துச் சென்ற குடியேறிகள் அப்பயிரையும் உடன் கொண்டு சென்றனர். ஆக, வண்டு பயிரைத் தேடி வந்தது என்பதைவிடப் பயிர் வண்டின் வாயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பதே பொருந்தும்.

1859 இல் நெபிராஸ்காவில், ஓமகா நகருக்கு மேற்கே சுமார் 100 மைல் தொலைவிலிருந்த உருளைக்கிழங்குத் தோட்டங்களில் இதன் அழிவு முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அதன் பின்னர் பதினைந்தே ஆண்டுகளில், 1874 அளவில், அது அத்திலாந்திக் கரையை எட்டிவிட்டது. தொடர்ச்சியான தோட்டங்கள் அதற்குப் பாலமாயின.

இதன் வாழ்க்கை வட்டத்தைச் சிறிது விரிவாக அறிதல் பின்னர் வரும் செய்திகளுக்கு அவசியம். நிறையுடலி வண்டுகள் மண்ணுள் புதைந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இளவேனிலில் வெளிவந்து, பெரும்பாலும் நடந்தே பயிரை அடைகின்றன. பெண் வண்டு இலையின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் முட்டைகளைக் கொத்துக் கொத்தாக இடுகின்றது. தன் வாழ்நாளில் அது 300 முதல் 800 வரையான முட்டைகளை இடக்கூடும். முட்டையிலிருந்து வரும் செந்நிறக் குடம்பி நான்கு பருவங்களைக் கடந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகின்றது. ஒரு குடம்பி தன் வளர்ச்சிக்காலம் முழுவதிலும் ஏறத்தாழ 40 சதுரச் சென்ரிமீற்றர் இலையைத் தின்னும். அதிற் பெரும்பகுதியை இறுதிப் பருவத்திலேயே தின்கின்றது. நிறையுடலி நாளொன்றுக்கு 10 சதுரச் சென்ரிமீற்றர் வரை தின்னும்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. உருளைக்கிழங்கின் இலை நஞ்சுடையது. சொலனீன் முதலிய காரப்போலிகளைக் கொண்ட அவ்விலையைப் பெரும்பாலான பூச்சிகள் நாடா. அந்நஞ்சைத் தாங்கி வாழும் ஆற்றலைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெற்றுக்கொண்ட ஒரு வண்டை எதிர்த்தே மனிதன் நஞ்சைக் கையிலெடுத்தான்.

பச்சைப் பொடியும் வெண்பொடியும்

பாரிசுப் பச்சை என்பது செம்பும் ஆசனிக்கும் சேர்ந்த ஒரு சேர்வை. சுவர்த்தாள்களுக்கும் சாளரக் கதவுகளுக்கும் பச்சை வர்ணமாக அது பயன்பட்டு வந்தது. 1860 களின் பிற்பகுதியில் அமெரிக்க விவசாயிகள் இதனை மாவுடனோ சாம்பலுடனோ கலந்து உருளைக்கிழங்குச் செடிகளின்மீது தூவத் தொடங்கினர். உணவுப் பயிரொன்றில் இரசாயன நஞ்சொன்று நாடளாவிய அளவிலே பயன்படுத்தப்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்றாகும். முதலிலே முயன்று பார்த்தவர்கள் விவசாயிகளே. மிசூரி மாநிலத்தின் பூச்சியியலாளராக 1868 இல் நியமனம் பெற்ற சாள்ஸ் வலன்ரைன் றைலி போன்றோர் அதனை ஆராய்ந்து, அளவும் முறையும் வகுத்துப் பரப்பினர். கிழங்கினுள் ஆசனிக்கு ஏறிவிடுமோ என்ற அச்சம் அக்காலத்திலேயே எழுந்து விவாதிக்கப்பட்டது. ஆனால் விவாதம் கிழங்கை உண்பவனைப் பற்றியதாகவே இருந்தது. பொடியைத் தூவும் கூலியாளின் நுரையீரல் பற்றியோ, ஆண்டுதோறும் ஆசனிக்கைச் சேமித்துக்கொள்ளும் மண் பற்றியோ எழுந்த குரல்கள் மிகச் சிலவே.

ஐரோப்பா இவ்வண்டை எதிர்பார்த்து அஞ்சியிருந்தது. 1877 இல் ஜேர்மனியில், இறைன் நதிக்கரையிலுள்ள முல்கைம் என்னுமிடத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது வயலையே எரித்து அழித்தனர். அதே ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இவ்வண்டை மனதிற் கொண்டு அழிவுப்பூச்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் முதலாம் உலகப் போரின் பின்னர், 1922 இல், பிரான்சின் போர்தோ நகர்ப்புறத்தில் அது நிலைகொண்டுவிட்டமை தெரியவந்தது. அங்கிருந்து அது கிழக்கே பரவியது. 1950 இல், அமெரிக்க விமானங்களே வண்டுகளை வீசியதாகக் கிழக்கு ஜேர்மன் அரசு பெரும் பிரசாரம் செய்து, பள்ளிச் சிறுவர்களை வண்டு பொறுக்க வயல்களுக்கு அனுப்பியது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. பூச்சிநாசினி தட்டுப்பாடான நாடொன்றில் அச்சிறுவர்களின் கைகள் பயனற்றுப் போயின என்று மட்டும் கூறமுடியாது.

1939 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே போல் முல்லர் டி.டி.ரி. என்னும் சேர்வையின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். அச்சேர்வை 1874 இலேயே, அதாவது வண்டு அத்திலாந்திக் கரையை எட்டிய அதே காலத்தில், தொகுக்கப்பட்டிருந்தது என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. போர்க்காலத்திற் சுவிற்சர்லாந்தின் உணவுற்பத்தியை அச்சுறுத்திய கொலறாடோ வண்டுக்கு எதிரான வயற் பரிசோதனைகள் டி.டி.ரி. பெற்ற தொடக்க வெற்றிகளுட் சேரும். 1948 இல் முல்லருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. ஆசனிக்குப் பொடிகளுடன் ஒப்பிடும்போது டி.டி.ரி. மலிவானது, மனிதருக்கு உடனடித் தீங்கு குறைந்தது, ஒரு தடவை தெளித்தால் பல வாரங்கள் இலையில் நிலைத்து நிற்பது. இவ்விறுதிக் குணமே அதன் பெருஞ் சிறப்பாகப் பாராட்டப்பட்டது. பிற்காலத்தில் அதன் பெருங் குற்றமாகக் கொள்ளப்பட்டதும் அதுவே.

பாத்தியும் கணக்கும்

வயற் பரிசோதனை எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதை இனி நோக்குவோம்.

ஒரு வயலின் எல்லா மூலைகளும் ஒத்தவை அல்ல. ஓரத்தில் வண்டு மிகும். ஈரமான பகுதியிற் செடி செழிக்கும். ஆகவே ஒரு மருந்தை ஒரு பாத்தியிலும் இன்னொன்றை மறு பாத்தியிலும் தெளித்து ஒப்பிட்டால், நாம் அறிவது மருந்தின் வேறுபாட்டையா, மண்ணின் வேறுபாட்டையா என்று துணிய முடியாது. இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய றொனல்ட் ஃபிஷர் இச்சிக்கலுக்கு வகுத்த தீர்வு இன்று உலகெங்கும் வழங்குகின்றது. வயலைச் சில தொகுதிகளாகப் பிரித்தல், ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா மருந்துகளுக்கும் தெளிக்காத ஒன்றுக்குமாகப் பாத்திகள் அமைத்தல், எப்பாத்திக்கு எம்மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல எழுமாறாகத் தீர்மானித்தல் என்பன அதன் கூறுகள். மாறற்றிறன் பகுப்பாய்வு என்னும் கணித முறையை அவரும் மக்கென்சியும் 1923 இல் முதன்முதலாக வயற் பரிசோதனையொன்றிற் பயன்படுத்தியது உருளைக்கிழங்கு வர்க்கங்களின் பசளை பற்றிய ஆய்வொன்றிலேயே. பரிசோதனைக் கணிதம் இப்பயிருக்குக் கடன்பட்டிருக்கின்றது எனலாம்.

எண்ணும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1925 இல் அபொட் என்பவர் ஒரு சிறிய சூத்திரத்தை வெளியிட்டார். தெளிக்காத பாத்தியிலும் பூச்சிகள் இயல்பாக இறக்கும். அவ்விறப்பை மருந்தின் கணக்கிற் சேர்த்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. 1955 இல் ஹென்டர்சனும் ரில்ரனும் அதனை மேலும் விரித்து, தெளிப்பதற்கு முன் இருந்த தொகையையும் கணக்கிற் கொண்டனர். கற்பனையான ஓர் உதாரணத்தைக் கொள்வோம். தெளிக்காத பாத்தியில் முன்னர் 50 குடம்பிகள், ஒரு வாரத்தின் பின் 60. தெளித்த பாத்தியில் முன்னர் 80, பின்னர் 12. தெளித்த பாத்தியை மாத்திரம் பார்த்தால் 85 சதவீதம் அழிந்துள்ளது. பின்னர் எண்ணிய இரு தொகைகளை மாத்திரம் ஒப்பிட்டால் 80 சதவீதம். நான்கு எண்களையும் சேர்த்துக் கணித்தால் 87.5 சதவீதம். ஒரே வயல், ஒரே எண்ணிக்கை, மூன்று விடைகள். விளம்பரத் தாளில் ஒரு சதவீதத்தைக் காணும்போது அது எவ்வாறு கணிக்கப்பட்டது என்று கேட்பது வீண் சந்தேகம் ஆகாது.

கணிதம் திருத்தமாயினும் வண்டு கோட்டைத் தாண்டும். தெளிக்காத பாத்தியின் இலைகள் முற்றாகத் தின்னப்பட்டதும் அங்குள்ள வண்டுகள் அயற் பாத்திகளுக்கு நடந்து செல்கின்றன. அதனால் நல்ல மருந்தும் தீய மருந்தாகத் தோற்றலாம். மறுபுறத்தில், சுற்றிலும் கொல்லும் பாத்திகளே இருப்பின் நடுவிலுள்ள வலுக்குறைந்த மருந்து இரவற் புகழ் பெறலாம். பாத்திகளிடையே வெற்றுநிலம் விட்டும், பாத்தியின் நடு வரிசைகளில் மாத்திரம் எண்ணியும் ஆய்வாளர் இதனைக் குறைக்க முயல்வர்; முற்றாக நீக்க முடிவதில்லை.

இறந்த வண்டுகளின் எண்ணிக்கையும் கிழங்கின் விளைவும் ஒன்றல்ல என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. உருளைக்கிழங்குச் செடி இளமைப் பருவத்தில் இலைகளிற் காற்பங்களவை இழந்தாலும் மீளத் தளிர்த்து விளைவைப் பெரிதும் காத்துக்கொள்கின்றது. பூக்கும் காலத்திலும், கிழங்கு பருக்கும் காலத்திலும் ஏற்படும் இழப்பே விளைவை நேராகத் தாக்குகின்றது. ஆகவே 95 சதவீதம் கொல்லும் மருந்துக்கும் 80 சதவீதம் கொல்லும் மருந்துக்கும் இடையே அறுவடையில் வேறுபாடே இல்லாதிருத்தல் கூடும். இருந்தும் சந்தையிலே போட்டியிடும் மருந்துகளின் தரம் கொல்லும் சதவீதத்தாலேயே அளக்கப்பட்டு வந்தது. எண்ணுவதற்கு அது எளிது, விற்பதற்கும் எளிது.

எஞ்சியவை

பரிசோதனைப் பதிவேட்டில் இறந்தவை ஒரு நிரலிலும் எஞ்சியவை ஒரு நிரலிலும் எழுதப்படுகின்றன. முதல் நிரலே முடிவாக வெளியிடப்படுகின்றது. வரலாற்றைத் தீர்மானித்ததோ இரண்டாம் நிரல்.

பூச்சிகள் தெளிமருந்துக்கு எதிர்ப்புத்தன்மை பெறக்கூடுமா என்ற வினாவை 1914 இலேயே மெலண்டர் என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர் எழுப்பியிருந்தார். வாசிங்ரன் மாநிலப் பழத்தோட்டங்களிற் செதிற்பூச்சிகள் சில இடங்களில் சுண்ணாம்பு-கந்தகத் தெளிப்பின் பின்னரும் உயிர்தப்பியமையை அவர் கண்டார். அவ்வினா நீண்டகாலம் ஒரு விநோதமாகவே கருதப்பட்டது.

அது விநோதம் அன்று என்பதை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். ஒரு பிரதேசத்திலே பத்து இலட்சம் வண்டுகள் இருப்பதாகவும், பத்தாயிரத்தில் ஒன்று மருந்தைத் தாங்கும் பரம்பரையியல்பு உடையதாகவும், ஏனையவற்றில் 99 சதவீதத்தை மருந்து கொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். முதற் பருவத்தில் தாங்கும் வண்டுகள் 100 உம் தாங்காதவற்றில் 9,999 உம் எஞ்சும். பரிசோதனை 99 சதவீத வெற்றி என அறிவிக்கும். எஞ்சியவை பெருகி மீண்டும் பத்து இலட்சமாகும்போது தாங்குபவை நூற்றுக்கு ஒன்றாகியிருக்கும். இரண்டாம் பருவப் பரிசோதனை 98 சதவீதம் என அறிவிக்கும். 99 இற்கும் 98 இற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்த வயற் பரிசோதனையாலும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. மழையும் வெயிலும் அதைவிடப் பெரிய வேறுபாடுகளை உண்டாக்கும். ஆனால் இப்போது எஞ்சியவற்றில் அரைப்பங்கு தாங்குபவை. மூன்றாம் பருவத்தில் மருந்து கொல்லும் வீதம் 50 இற்கும் கீழே விழுந்துவிடும். கலப்பினச் சேர்க்கை, பரம்பரையலகின் ஆட்சியுடைமை ஆகிய சிக்கல்களை இக்கணக்கு விட்டுவிடுகின்றது. உண்மை வயலில் வீழ்ச்சி இதைவிட மெதுவாக நிகழலாம். எனினும் அதன் வடிவம் இதுவே: வெற்றி, வெற்றி, பின்னர் திடீர்த் தோல்வி. வழக்கமான பரிசோதனை முன்னெச்சரிக்கை எதனையும் தருவதில்லை.

நியூயோர்க் மாநிலத்தின் லோங் தீவிலே இது ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. அத்தீவின் கிழக்குப் பகுதியில் ஆண்டுதோறும் அதே நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. கோடை நீண்டதாகையால் வண்டு ஆண்டுக்கு இரு தலைமுறைகளை முழுமையாகவும், சில ஆண்டுகளில் மூன்றாவதை அரைகுறையாகவும் காணும். கடல் சூழ்ந்தமையால் வெளியிலிருந்து மருந்து காணாத வண்டுகள் வந்து கலப்பதும் அரிது. எதிர்ப்புத்தன்மை தோன்றுவதற்கு இதைவிட வாய்ப்பான சூழலை ஆய்வுகூடத்திற்கூட அமைத்தல் கடினம்.

நியூஜேர்சியின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபோர்காஷ் 1985 இலே தொகுத்தளித்த விவரம் இதனை நன்கு காட்டுகின்றது. டி.டி.ரி. 1945 இல் அறிமுகமாகி 1952 இலே தோல்வி கண்டது. காபரில் 1959 இல் வந்து 1963 இலும், அசின்பொஸ் மெதைல் 1959 இல் வந்து 1964 இலும் தோற்றன. காபோபியூரன் 1974 இல் அறிமுகமாகி 1976 இலே தோற்றது. ஒக்சமில் 1978 இல் வந்த அதே ஆண்டிலேயே தோற்றது. பைரித்திரோயிட்டு வகையைச் சேர்ந்த ஃபென்வலரேற்று 1979 இல் வந்து 1981 இல் தோற்றது. முதல் மருந்துக்கு ஏழாண்டுகள் வாழ்வு. பின்வந்தவற்றுக்கு இரண்டாண்டு, ஓராண்டு.

வாழ்நாள் இவ்வாறு சுருங்கியதற்குக் காரணம் உண்டு. பெயர்கள் புதியவையாயினும் தாக்கும் இலக்குகள் பழையவை. சேதன பொசுபரசுச் சேர்வைகளும் காபமேற்றுக்களும் நரம்புகளின் சந்தியிலே தொழிற்படும் ஒரே நொதியத்தையே முடக்குகின்றன. டி.டி.ரி.யும் பைரித்திரோயிட்டுக்களும் நரம்பின் சோடியம் வாயிலையே தாக்குகின்றன. ஒன்றுக்கு எதிராகத் தேர்வுபெற்ற இயல்பு மற்றொன்று வருமுன்னரே அதற்கான கேடயமாகிவிடுகின்றது. இவற்றோடு, இலைநஞ்சைத் தாங்கிப் பழகிய வண்டின் நச்சுநீக்கும் நொதியங்களும் துணைநிற்கின்றன. 2008 இல் வெளியான மீளாய்வொன்று, உலகின் ஏதோவொரு பகுதியில் இவ்வண்டு எதிர்ப்புத்தன்மை காட்டிய சேர்வைகளின் தொகை ஐம்பதைக் கடந்துவிட்டதாகக் கூறியது.

கிணற்று நீர்

மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற நிலையிலேயே 1975 இல் அல்டிகாப் என்னும் காபமேற்று லோங் தீவின் வயல்களுக்கு வந்தது. இது இலையிலே தெளிக்கப்படுவதன்று. குறுணியாக மண்ணில் இடப்பட்டு, வேரினால் உறிஞ்சப்பட்டு, செடி முழுவதையும் நஞ்சாக்கும் தன்மையது. வயற் பரிசோதனையில் அது மிகச் சிறப்பாகச் செயற்பட்டது. மண்ணில் இடப்பட்டது விரைவிற் சிதைந்துவிடும், ஆழத்திலுள்ள நீரை எட்டாது என்று எதிர்பார்க்கப்பட்டது.

லோங் தீவின் மண் மணற்பாங்கானது, அமிலத்தன்மையுடையது, இளவேனிலிற் குளிர்ந்தது. இம்மூன்றும் சேரும்போது சிதைவு மெதுவாகவும் கசிவு விரைவாகவும் நிகழ்கின்றன. அம்மணலுக்கு அடியிலுள்ள தரைக்கீழ் நீரே அங்கு வாழ்வோரின் குடிநீர். 1979 ஆகஸ்டிலே கிணறுகளில் அல்டிகாப் கண்டுபிடிக்கப்பட்டது. 1980 இல் சஃபொக் மாவட்டத்தில் 8,404 கிணறுகள் பரிசோதிக்கப்பட்டன. நியூயோர்க் மாநிலம் வகுத்த வழிகாட்டு எல்லை இலீற்றருக்கு 7 மைக்குரோகிராம். 1,121 கிணறுகள், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்பட்டவை, அவ்வெல்லையைக் கடந்திருந்தன. அவ்வாண்டிலேயே அம்மருந்தின் விற்பனை அம்மாவட்டத்தில் நிறுத்தப்பட்டது. உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட வீடுகளுக்குக் கரி வடிகட்டிகளை வழங்கியது. மண்ணில் இறங்கியது வெளியேற எத்தனையோ ஆண்டுகள் சென்றன.

இங்கே கிணற்று நீரும் ஒரு பரிசோதனைப் பொருளாகவே இருந்தது என்று கூறுவது மிகையாகாது. ஆனால் அப்பரிசோதனைக்குத் தொகுதிகள் இல்லை. கட்டுப்பாட்டுப் பாத்தி இல்லை. உட்பட்டவர்களின் சம்மதமும் இல்லை. வயலிலே குடம்பிகளை எண்ணியவர் தமக்கிடப்பட்ட பணியைச் செவ்வனே செய்தார். நான்கடி ஆழத்தில் என்ன நடக்கின்றது என்று, அதே மண்ணிலே, அதே குளிரிலே தோண்டிப் பார்க்குமாறு அவரை எவரும் பணிக்கவில்லை. பரிசோதனைக்குப் பணம் செலுத்துபவர் யார், அவருக்கு எவ்விடை தேவை என்பவற்றை விட்டுவிட்டு இவ்விடயத்தை விஞ்ஞானத்தின் தனிப் பிழையாக மட்டும் காண்பது முழுமையாகாது.

கேட்கப்படும் வினா மாறியமை

எதிர்ப்புத்தன்மையை முன்கூட்டி அறிய வேறொரு வகைப் பரிசோதனை வேண்டும். ஆய்வுகூடத்திற் படிப்படியாக உயரும் அளவுகளில் மருந்தைக் கொடுத்து, எவ்வளவுக்கு எத்தனை பங்கு இறக்கின்றது என்று வரைந்து, பாதி இறக்கும் அளவைக் கணிக்கும் முறை 1927 இல் ரிரெவனாலும், பின்னர் 1930 களிற் பிளிஸ் முதலியோராலும் வளர்க்கப்பட்டது. அதனினும் பயனுள்ளது பிரித்தறி அளவு எனப்படுவது. சாதாரண வண்டுகள் அனைத்தையும் கொல்லும் என உறுதிசெய்யப்பட்ட ஓரளவை வடிதாளில் ஊட்டி, வயலிலிருந்து திரட்டிய குடம்பிகளை அதன்மீது விடுகின்றனர். மறுநாள் உயிரோடிருப்பவை எவையோ அவையே செய்தி. இங்கு எண்ணப்படுவது இறந்தவை அல்ல, எஞ்சியவை. தெளிப்பதற்கு முன்னரே செய்யக்கூடிய, செலவு குறைந்த இம்முறை 1980 களின் பின்னரே விவசாயிகளிடம் சென்றது.

1995 இல் இமிடாகுளோப்பிறிட்டு அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களுக்கு வந்தபோது பழைய மகிழ்ச்சி மீண்டும் தோன்றியது. நடுகையின்போதே இட்டால் வாரக்கணக்காகச் செடி காக்கப்படும். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே லோங் தீவின் வண்டுகள் நூறு மடங்களவு எதிர்ப்புத்தன்மை பெற்றிருந்தமை ஆய்வுகூட அளவீடுகளில் வெளிப்பட்டது. இம்முறை வீழ்ச்சியை அளந்து சொல்ல முடிந்தது, தவிர்க்க முடியவில்லை.

மருந்தில்லா வழிகளும் அதே வயல்களிற் சோதிக்கப்பட்டன. குளிர்காலம் கழித்த வண்டு பெரும்பாலும் நடந்தே வருகின்றது என்ற அறிவைக் கொண்டு, வயலோரத்தில் அகழி வெட்டிப் பிளாத்திக்குத் தாள் விரித்தனர். புழுதி படிந்த வழுக்குச் சரிவில் ஏறமாட்டாது வண்டுகள் அகழியிலே சிக்கின. கடந்த ஆண்டு உருளைக்கிழங்கு விளைந்த நிலத்திலிருந்து சில நூறு மீற்றர் விலகிப் பயிரிட்டால் வண்டு வந்து சேர்வது பிந்தும். முதல் தலைமுறை சிறுக்கும். எவரும் காப்புரிமை பெறமுடியாத இம்முறைகளுக்கு விளம்பரம் செய்வார் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரே பயிரை நம்பி வாழும் சிறு விவசாயிக்குச் சுழற்சிப் பயிர்ச்செய்கை எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு நிலம் உள்ளவனுக்கே விலகிப் பயிரிடல் இயலும்.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மாற்றமொன்று குறிப்பிடத்தக்கது. வண்டின் பரம்பரையலகொன்றைச் செயலிழக்கச் செய்யும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மருந்தான லெட்புறோனாவுக்கு அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2023 டிசம்பரில் அனுமதி வழங்கியது. அதற்கு முன்னரே, இவ்வகை மருந்தை வண்டு தாங்கப் பழகுமா என்பதை ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே சோதித்திருந்தனர். உயிர்தப்பியவற்றை மாத்திரம் தெரிந்து வளர்த்து, ஒன்பது தடவை தேர்வுக்கு உட்படுத்திய பின்னர், 11,000 மடங்குக்கு மேற்பட்ட எதிர்ப்புத்தன்மை கொண்ட வண்டுகள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021 இல் அம்முடிவு வெளியாகியது. அவ்வண்டுகள் வேறு பரம்பரையலகுகளை இலக்காகக் கொண்ட ஆர்.என்.ஏ. மருந்துகளையும் தாங்கின, பற்றீரியாவிலிருந்து பெறப்படும் புரத நஞ்சொன்றுக்கோ வழக்கம்போலவே இறந்தன. ஆகவே எவ்விரு மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், எவ்விரண்டை மாற்றிப் பயனில்லை என்ற அறிவு, டி.டி.ரி.க்கு ஏழாண்டுத் தோல்வியின் பின் கிடைத்தது போலன்றி, இம்மருந்து வயலுக்குப் போகுமுன்னரே கையில் இருந்தது. அவ்வறிவை விற்பனையாளரும் விவசாயியும் எவ்வளவுக்குப் பொருட்படுத்துகின்றனர் என்பதை லோங் தீவிலும் ஏனைய இடங்களிலும் திரட்டப்படும் குடம்பிகள் சில பருவங்களுள் காட்டிவிடும்.